ரயிஸ் பகீத் சொன்ன எண்

நைல் நதியின் மேற்குக் கரைச் சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் ரத்தக் கொதிப்புக்காரர்கள் நாற்பத்து மூன்று பேர். அத்தனை பேரையும் வரவழைத்து, முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும், பதிலை எழுதிக்கொண்ட பிறகுதான் கையில் பட்டையைச் சுற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கேள்வி இதுதான்: உங்கள் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதா, இல்லையா?

நர்ஸ் இன்சாஃப் நாற்பத்திரண்டு பேரை முடித்துவிட்டாள். அதில் முப்பத்தொரு பேர் கட்டுக்குள்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார்கள். கருவி அவர்களில் ஒன்பது பேரைத்தான் ஒத்துக்கொண்டது.

மிச்சமிருந்தவர் ரயிஸ் பகீத். நைலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு லாரியையும் ஆட்களையும் ஆடுகளையும் ஏற்றிப்போகும் இரும்புப் படகின் மாலுமி; படகுத் தலைவரை அங்கே ரயிஸ் என்பார்கள். இருபத்தாறு வருஷமாகச் சுக்கான் பிடிக்கிறவர். மூன்று முறை ஆளனுப்பியும் வராமல், ஏப்ரல் மாதத்து முதல் ஞாயிறு மதியம் ஒருவழியாக வந்தார். கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அங்கியின் கையை மடித்துவிட்டபடி உட்கார்ந்தார். இன்சாஃப் கேள்வியைக் கேட்டாள்.

"மல்லிகைப்பூ மாதிரி இருக்கேன் ஹக்கீமா. எழுதிக்கோ."

அந்தப் பக்கத்தில் நர்ஸை ஹக்கீமா என்றுதான் கூப்பிடுவார்கள். மாத்திரையைத் தினம் சாப்பிடுகிறாரா என்று கேட்டதற்கு, தேவைப்படும்போது சாப்பிடுகிறேன் என்றார். எப்போது தேவை என்று எப்படித் தெரியும் என்றாள்.

"பிடரி சொல்லும். இங்க விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், காது ரெண்டும் சுடும். அன்னைக்கு ஒரு மாத்திரை, ஆற வெச்ச கர்க்கதே ஒரு கிளாஸ். இறங்கிடும். என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

செம்பருத்திப்பூ பானமான கர்க்கதேயைச் சூடாகக் குடித்தால் பிரஷர் ஏறும், ஆறிப்போய்க் குடித்தால் இறங்கும் என்பது ஊரில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரிந்த வைத்தியம். இன்சாஃப் பட்டையைச் சுற்றினாள். எண் வந்தது. அவள் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் ஐந்து நிமிஷம் அவரைச் சும்மா உட்காரச் சொல்லி, அடுத்த கையில் பார்த்தாள். முதலில் இருநூற்றுப் பன்னிரண்டுக்கு நூற்று இருபத்து நான்கு. இரண்டாவது இருநூற்று எட்டுக்கு நூற்று இருபத்திரண்டு.

சொன்னபோது அவர் சிரித்தார். கருவிக்குத்தான் உடம்பு சரியில்லை, அதுக்கு ஒரு மாத்திரை குடு என்றார்.

டாக்டரம்மா அதற்கு முன்பே சோஹாக் நகரத்துக்குத் திரும்பியிருந்தார். இன்சாஃப் போனில் பிடித்தாள். தலைவலி, பார்வை மங்கல், கைகால் மரத்துப்போவது எதுவும் இல்லையென்றால் இன்றே மாத்திரையை ஆரம்பித்து விடாமல் சாப்பிட வேண்டும், நான் அடுத்த வாரம் பார்க்கிறேன், அதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, நான் பார்க்கும்வரை படகு ஓட்டக் கூடாது என்றார். இன்சாஃப் எல்லாவற்றையும் பகீத்திடம் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள். பகீத் மாத்திரை அட்டையை வாங்கி அங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இந்த நம்பர் உன்னோட இருக்கட்டும், ஹக்கீமா. ஆத்துப் போக்குவரத்து ஆபீஸ் காதுக்குப் போச்சுன்னா என் லைசன்ஸ் அவ்வளவுதான். இரண்டரை மணிப் படகுக்கு நேரமாச்சு. நீயும் வரணுமில்ல?"

வரத்தான் வேண்டும். அவள் வீடு கிழக்குக் கரையில். அடுத்த பாலம் முப்பத்தைந்து கிலோமீட்டர் தெற்கே.

படகில் அன்று கரும்பு லாரி ஒன்று, பிக்கப் வண்டிகள் மூன்று, அதில் ஒன்றில் கல்யாணச் சீராகப் போகும் குளிர்சாதனப்பெட்டியும் மெத்தைகளும். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை; பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்பிள்ளைகள் கம்பியோரம் வரிசையாக நின்று வறுத்த விதை கொறித்தார்கள். இன்சாஃப் தலையை எண்ணினாள். அறுபத்திரண்டு வந்தது. தினம் உட்காருகிற பெஞ்சில் அவளால் உட்கார முடியவில்லை. சுக்கான் அறைக்கு ஏறும் படிக்கட்டில் நின்றுகொண்டு அவர் கைகளையே பார்த்தாள். இவ்வளவு பேரில் அந்த எண் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

தண்ணீர் குறைந்த காலம். நடுவில் இரண்டு இடத்தில் மணல்திட்டு. பகீத் அவற்றைத் தொடாமல், அவசரப்படாமல், ஊசியில் நூல் கோர்ப்பது போலப் படகைக் கொண்டுபோய்க் கிழக்குத் துறையில் முட்டாமல் நிறுத்தினார். இறங்கும்போது அவளைப் பார்த்து, இருநூத்திப் பன்னண்டுக்காரன் செத்துப்போயிட்டானா என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் பத்திரமாகக் கரை சேர்வதே அவருக்குச் சாட்சியாகிவிடும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆபீஸில் சொல்லிவிடலாமா என்று அன்று முழுக்க யோசித்தாள். சொன்னால் அவர் சுகாதார நிலையத்தின் வாசலை மறுபடி மிதிக்க மாட்டார். அவர் மட்டுமல்ல, நாற்பத்து மூன்று பேரும் மிதிக்க மாட்டார்கள். நோயாளியின் எண்ணை ஊருக்குச் சொல்கிற நர்ஸிடம் யார் கையை நீட்டுவார்கள்? முதலில் அவரை மாத்திரை சாப்பிட வைத்துவிடலாம் என்று தீர்மானித்தாள்.

மறுநாள் கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு படகுக்குப் போனாள். ஏறினவுடன் ஒரு பந்தயம் கட்டினாள். தினமும் இரண்டரை மணிப் படகு புறப்படுமுன் பகீத் தன் உடம்பைக் கேட்டு ஒரு எண் சொல்ல வேண்டும். அப்புறம் அவள் பார்ப்பாள். அவர் சொன்னது பாதி நாளாவது சரியாக இருந்தால் அவள் இனி மாத்திரைப் பேச்சே எடுக்க மாட்டாள். பகீத்துக்குப் பந்தயம் பிடித்துவிட்டது. சாட்சிக்கு ஷஹாத்தாவைக் கூப்பிட்டார்.

ஷஹாத்தா இஞ்சின் பார்ப்பவன், பகீத்தின் மனைவிக்குத் தம்பி, நாற்பது வயது. மாமாவின் பக்கத்தில் நின்று பத்து வருஷம் சுக்கானும் பிடித்துப் பழகியவன், பரீட்சை மட்டும் எழுதவில்லை. அவன் சுக்கான் அறைச் சுவரில் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்தான். கோட்டுக்கு இடப்பக்கம் ரயிஸ் சொன்னது, வலப்பக்கம் கருவி சொன்னது.

திங்கள், நூற்று முப்பது என்றார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. செவ்வாய், நேற்றுத் தூக்கம் சரியில்லை, நூற்று நாற்பது என்றார். இருநூற்று நான்கு. புதன்கிழமை கருவி பொய் சொல்கிறது என்று அடம்பிடித்து, ஷஹாத்தாவின் கையை நீட்டச் சொன்னார். ஷஹாத்தா தனக்குத்தான் பிரஷர் என்று ஐந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவன். தலை கனத்தால் போதும், உப்பில்லாத சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வான். அவனுக்கு நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு வந்தது.

"அஞ்சு வருஷமா உப்பில்லாமத் தின்னிருக்கியேடா," என்றார் பகீத்.

"அக்கா சமையல் மாமா. உப்பிருந்தாலும் அப்படித்தான் இருக்கும்."

மூவரும் சிரித்தார்கள். ஆனால் பகீத் அதற்கப்புறம் கருவியைக் குறை சொல்லவில்லை. சுவரைப் பார்த்து இதென்ன எண் என்று கேட்ட பிக்கப் டிரைவரிடம் இஞ்சின் சூடு என்று ஷஹாத்தா சொல்லிவைத்தான். இஞ்சின் இவ்வளவு சூடாகவா இருக்கிறது, மாற்றக் கூடாதா என்று அந்த ஆள் கவலைப்பட்டான்.

சனிக்கிழமைதான் பகீத்தின் முகம் மாறியது. அன்று வரிசையை மீறிப் படகில் ஏறப்பார்த்த ஒரு லாரிக்காரனோடு பெரிய சண்டை. இரண்டு பேரும் சட்டையைப் பிடிக்காத குறை. மேலே வந்தபோது அவருக்குக் காது சிவந்திருந்தது, பிடரியில் கை வைத்திருந்தார்.

"இன்னைக்கு நானே சொல்றேன், இருநூறு தாண்டியிருக்கு. தெறிக்குது."

ஐந்து நிமிஷம் உட்காரவைத்து, இரண்டு தடவை பார்த்தாள். நூற்று அறுபத்தெட்டு. அந்த வாரத்திலேயே குறைச்சலான எண். மல்லிகைப்பூ மாதிரி இருந்த நாளெல்லாம் இருநூறு, பிடரி தெறித்த நாளில் நூற்று அறுபத்தெட்டு. ஷஹாத்தா சிரிக்க வாயெடுத்தவன் அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். பகீத் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் படகை எடுத்தார். இன்சாஃப் எப்போதையும்போலப் படிக்கட்டில் நின்றாள். இரவில் படுத்தால் கம்பியோரம் நிற்கிற பெண்பிள்ளைகளின் தலைகளே கண்ணுக்குள் வந்தன.

அடுத்த செவ்வாய் அவள் நேராகக் கேட்டுவிட்டாள். பந்தயத்தில் நீங்கள் தோற்றாயிற்று, சுவர் சொல்கிறது. பிறகும் ஏன் அட்டை அப்படியே பையில் கிடக்கிறது? ஷஹாத்தா கீழே இறங்கும்வரை பகீத் பொறுத்திருந்தார். ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த மாத்திரை போட்டா அரைமணிக்கு ஒருதரம் ஒண்ணுக்கு வருது. நடு ஆத்துல, அத்தனை பொம்பளைங்க முன்னாடி, சுக்கானை விட்டுட்டு நான் எங்க போறது? ஒருநாள் அடக்க முடியாம..." அதற்குமேல் சொல்லவில்லை. "உங்க டாக்டர்கிட்ட, அதுவும் ஒரு பொம்பளப்புள்ள, இதையா சொல்லுவேன்?"

இன்சாஃபுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இரண்டு வருஷமாக மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதது இதற்காகவா? சிறுநீர் பிரிக்காத மாத்திரை எத்தனையோ இருக்கிறது, நாளைக்கே வாங்கித் தருகிறேன் என்றாள். பகீத் தலையாட்டினார்.

புதன்கிழமை டாக்டரம்மா வந்தார். பத்து நாள் எண்களைப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றி எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து, இவர் இப்போது படகு ஓட்டவில்லையே என்று கேட்டார். இன்சாஃப் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. எத்தனை பேர் போகிறார்கள் என்று மட்டும் கேட்டார். அறுபது என்றாள். இன்னொரு தாளை எடுத்து ஆற்றுப் போக்குவரத்து ஆபீஸுக்குக் கடிதம் எழுதினார்: பிரஷர் கட்டுக்குள் வரும்வரை இந்த மாலுமி சுக்கான் பிடிக்கக் கூடாது. எழுதியதை அவரிடமே சொல்லிவிட்டுக் கொடு, முதுகுக்குப் பின்னால் வேண்டாம் என்றார். ஆபீஸ் கிழக்குக் கரையில். அன்று வேலை முடிந்து கரை சேர்வதற்குள் மூடியிருக்கும். வியாழக்கிழமை படகு கிழக்குக் கரையைத் தொட்டதும் பகீத்திடம் சொல்லிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று இன்சாஃப் முடிவு செய்தாள். ஆட்களோடு நடு ஆற்றில் இருக்கும்போது அவரைக் கோபப்படுத்த அவளுக்குப் பயமாக இருந்தது.

வியாழன் காலையிலிருந்தே பாலைவனப் புழுதியை அள்ளிவரும் கம்சீன் காற்று. மதியத்துக்குள் வானம் செங்கல் நிறமாகிவிட்டது. துறையில் ஜனம் நெருக்கியது. காற்று வலுக்குமுன் கரை சேர வேண்டும், எடு எடு என்று டிரைவர்கள் ஹாரனை அமுக்கினார்கள். புது மாத்திரை நேற்றே போட்டேன், இன்றைக்கு நூற்று நாற்பது, எழுதிக்கோ, அளக்கிறதைக் கரையில் போய் வைத்துக்கொள்ளலாம் என்றார் பகீத். ஷஹாத்தா இடப்பக்கம் எழுதிவிட்டு இஞ்சினுக்கு இறங்கினான். வலப்பக்கம் காலியாக இருந்தது. இன்சாஃப் தடுக்க நினைத்து, கீழே கத்துகிற கூட்டத்தைப் பார்த்துத் தடுக்காமல் விட்டாள்.

கால்வாசி ஆறு தாண்டியிருக்கும். புழுதிக்குள்ளிருந்து தெற்கே ஒரு கறுப்பு உருவம் தெரிந்தது. நீரோட்டத்தோடு கீழே இறங்கிவரும் சரக்குப் படகு. ஒன்றோடொன்று கட்டிய இரண்டு, கரும்புப்பாகு ஏற்றி, தண்ணீர் விளிம்புவரை அமிழ்ந்து வந்தது. அந்தக் கனத்தில் வருவதை நிறுத்த முடியாது, நாம்தான் ஒதுங்க வேண்டும். பகீத் வேகத்தைக் குறைக்கக் காணோம். பார்த்திருப்பார் என்று இன்சாஃப் நினைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் பார்த்தாள். அவர் தலை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

படியேறி அறைக்குள் போய், ரயிஸ், வலப்பக்கம் பாருங்க என்றாள்.

அவர் திரும்பினார். நிதானமாகப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே," என்றார்.

சரக்குப் படகின் சங்கு ஊதியது. பகீத் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு, இடப்பக்கம் தேடினார். மறுபடி இடப்பக்கமே தேடினார். இன்சாஃப் கதவருகே ஓடி, இஞ்சின் குழிக்குள் ஷஹாத்தா பேரைச் சொல்லி மேலே வா என்று கத்தினாள். திரும்பி வந்து பகீத்தின் வலத்தோளுக்கு நேராகக் கையை நீட்டினாள்.

"ரயிஸ், என் கை எங்க இருக்கு?"

"என் சுக்கானைத் தொடாதே."

"தொடல. கை எங்க இருக்கு, சொல்லுங்க."

அவர் தேடினார். அவள் விரல்கள் அவர் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தன. சங்கு மறுபடி ஊதியது, இப்போது விடாமல். ஷஹாத்தா எண்ணெய்க் கையோடு வாசலில் வந்து நின்றான். மாமா சொல்லாமல் அந்தச் சக்கரத்தைத் தொட அவனுக்குக் கை எழவில்லை. பகீத் சுவரைப் பார்த்தார். சுவரிலும் இடப்பக்கம் மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் சக்கரத்திலிருந்து எடுத்தார்.

"ஷஹாத்தா, புடி. எனக்குத் தெரியல."

ஷஹாத்தா பாய்ந்து பிடித்தான். வேகத்தை அறுத்து, பின்னுக்கு இழுத்து, மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பினான். படகு முழுவதும் அதிர்ந்தது. சரக்குப் படகின் துருப்பிடித்த சுவர் முன்னால் கடந்துபோயிற்று, கடந்துகொண்டே இருந்தது. கம்பியோரம் நின்றவர்கள் நடுவுக்கு ஓடினார்கள். ஒரு பெண்பிள்ளையின் புத்தகப்பை தண்ணீரில் விழுந்தது. இடைவெளி ஒரு மாட்டுவண்டி நீளம்கூட இருக்காது. அது போன பிறகு எழுந்த அலையில் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கத்தின.

கீழே எல்லோரும் ஷஹாத்தாவைத்தான் திட்டினார்கள். ரயிஸ் கையில் இருந்தவரை ஒழுங்காக வந்த படகு, இந்த இஞ்சின்காரன் தொட்டதும் கவிழப் பார்த்தது என்று ஆட்டு வியாபாரி கை நீட்டிப் பேசினான். ஷஹாத்தா உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். பகீத் அறையின் தரையில் உட்கார்ந்து, வலக்கையைத் தன் கண்ணுக்கு முன்னால் கொண்டுவருவதும் விலக்குவதுமாக இருந்தார். இன்சாஃப் அவருக்குப் பட்டையைச் சுற்றினாள். இருநூற்று இருபத்தாறு.

கரையிலிருந்தே ஆம்புலன்ஸில் சோஹாக்குக்குக் கொண்டுபோனார்கள். பின்மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருந்தது. உயிருக்குப் பயமில்லை, பார்வை எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

இன்சாஃப் ஐந்தாம் நாள்தான் போனாள். அதுவரை போகத் துணியவில்லை. பகீத்தின் மனைவி உம் ஹாஷிம் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீ இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றாள். அது இன்சாஃபுக்கு அடி வாங்கியது போல இருந்தது. உம் ஹாஷிம் தண்ணீர் பிடிக்கப் போனதும், பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பகீத்தின் போர்வைமேல் வைத்தாள். இது என்னவென்று சொன்னாள். வியாழக்கிழமை இது தன் பையில் இருந்ததையும் சொன்னாள்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் தலையைச் சாய்த்து, இடக்கண் பக்கமாகக் கொண்டுவந்து கடிதத்தை மெதுவாகப் படித்தார்.

"முதல் நாளே ஏன் குடுக்கல, ஹக்கீமா?"

சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. நோயாளியின் ரகசியம், அவர் கேட்டுக்கொண்டது, மறுபடி வரமாட்டார் என்ற பயம். இந்த ஐந்து நாளாக எல்லாவற்றையும் மனதில் அடுக்கி வைத்திருந்தாள். அதில் இல்லாத ஒன்றைத்தான் சொன்னாள்.

"நீங்க மாத்திரை சாப்பிட்டுடுவீங்கன்னு நம்பினேன்."

"நான் என் பிடரியை நம்பினேன்," என்றார் பகீத். "நீ என்னை நம்பின. பாவம், அந்த அறுபது பேரு நம்ம ரெண்டு பேரையும் நம்பினாங்க." கடிதத்தை மடித்தார். "இதை நானே குடுக்கறேன். உன் கையால வேண்டாம்."

கொடுத்தார். வீடு திரும்பிய அடுத்த வாரம் ஷஹாத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய், கடிதத்தையும் லைசன்ஸையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். பிரஷர் மே மாதக் கடைசியில் நூற்று முப்பத்தாறுக்கு இறங்கியது. பார்வையில் வலப்பக்கத்து மேல்மூலை திரும்பியது, கீழ்ப்பாதி திரும்பவில்லை. தட்டில் வலப்பக்கம் வைத்த ரொட்டியை விட்டுவிட்டு எழுந்துவிடுவார். உம் ஹாஷிம் தட்டைத் திருப்பி வைக்கப் பழகிக்கொண்டாள்.

இன்சாஃபை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஊருக்கு அவள் படகைக் காப்பாற்றியவள். டாக்டரம்மா மட்டும், இனி வண்டி ஓட்டுகிறவர், படகு ஓட்டுகிறவர் யாருக்காவது நூற்று எண்பது தாண்டினால் அன்றைக்கே எனக்குச் சொல், உன் மனசாட்சியோடு பேசிவிட்டு அல்ல என்றார். சரி என்றாள். புத்தகப்பை தொலைத்த பெண்பிள்ளைக்குப் புதுப்பை ஒன்று வாங்கிக் கொடுத்தாள்.

ஜூனில் ஷஹாத்தா பரீட்சை எழுதித் தேறினான். அவன் ரயிஸாகப் படகெடுத்த முதல் நாள் பகீத்தும் ஏறினார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகக் கீழே பெஞ்சில், ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்தார். மணல்திட்டு நெருங்கும்போது இருப்புக்கொள்ளாமல் எழுந்து, இடது ஒடி, இன்னும் ஒடி என்று மேலே பார்த்துக் கத்தினார். ஷஹாத்தா எட்டிப்பார்த்து, உட்காருங்க மாமா என்று சொல்லிவிட்டுச் சுக்கான் அறையின் ஜன்னலைச் சாத்தினான். பகீத் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து, பக்கத்திலிருந்த இன்சாஃபிடம், திட்டைத் தாண்டிட்டானா பாரு, எனக்கு அந்தப் பக்கம் தெரியல என்றார்.

அவள் எழுந்து பார்த்து, தாண்டிவிட்டான் என்றாள்.